அண்ணாவியாரை ஆசிரியராக்கிய பேராசிரியர்

கடந்த மாதம் ஒரு வாரம் கண்டியில் தங்கியிருந்தேன். தோட்டப்புற முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். வீட்டில் அடி உதையைப் பார்த்த பிள்ளைகள், தாய் வெளிநாடு போய்விட்ட பிள்ளைகள், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் ஆகியோரோடு எப்படிப் பழகுவது என்பதுதான் பட்டறையின் விடயம். பயிற்றுவிக்க வந்திருந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அக்கா. முதல் நாள் அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, கைதட்டித் தாளம் சொல்லி, வடமோடிக் கூத்தின் ஆட்டம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் அறை முழுவதும் வேர்த்து, சிரித்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் கதைக்கத் தொடங்கினார்கள்.

இதை எங்கே படித்தீர்கள் என்று தேநீர் நேரத்தில் அவரிடம் கேட்டேன். தனது ஆசிரியரைச் சொன்னார். அந்த ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தவரைச் சொன்னார். பிறகு பேராசிரியர் மௌனகுருவின் பெயர் வந்தது. அங்கிருந்து கதை 1962இல் பேராதனைக்குப் போய், பேராசிரியர் சு. வித்தியானந்தனில் நின்றது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து பேராதனை பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை.

பட்டறை முடிந்த மறுநாள் நான் அங்கே போனேன். கலஹா வீதியில் இறங்கி, மரங்களுக்கிடையே நடந்து, திறந்தவெளி அரங்கின் படிகளில் உட்கார்ந்தேன். சிங்கள மாணவர்கள் அதை ‘வல’ என்பார்கள். பள்ளம் என்று பொருள். சரிவில் படிகள், கீழே மேடை, பின்னால் மரங்கள். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ஊடகக் கற்கை படித்த காலத்தில் வித்தியானந்தன் என்ற பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன். அவர் செய்தது என்ன என்பதை அன்று அந்த ஈரமான படியில் இருந்தபோதுதான் யோசித்தேன். அப்படி யோசிக்க எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது.

தகரமும் தாளமும்

2009இல் எனக்கு 18 வயது. வன்னியிலிருந்து வெளியே வந்து முகாமில் இருந்தோம். அண்ணா வரவில்லை. அம்மா கதைப்பதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டு வரிசையில் நிற்பார், தண்ணீர் பிடிப்பார், கூடாரத்துக்குள் வந்து உட்காருவார். அவ்வளவுதான்.

ஒரு நாள் வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, கண்டதைக் கீறச் சொன்னார்கள். பிள்ளைகள் விமானம் கீறினார்கள், பதுங்குகுழி கீறினார்கள், சிவப்புப் பென்சிலை முடித்தார்கள். பின்னேரம் வந்தவர்கள் அந்தப் படங்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். மறுபடி வரவில்லை. கீறிய பிள்ளைகளில் இருவர் அன்று இரவு முழுவதும் கத்தினார்கள்.

இன்னொரு நாள், பக்கத்துக் கூடாரத்து ஐயா ஒருவர் வெறும் எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டத் தொடங்கினார். முன்னொரு காலத்தில் கோவலன் கூத்து ஆடியவராம். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் பாடினார். அம்மா முள்ளியவளைப் பக்கத்தவர். சின்ன வயதில் கோயில் வெளியில் விடிய விடிய அந்தக் கூத்தைப் பார்த்தவர். ஐயா ஓரிடத்தில் அடி மறந்து நின்றபோது, அடுத்த அடியை அம்மா எடுத்துக் கொடுத்தார். ஏழெட்டு வாரங்களுக்குப் பிறகு நான் கேட்ட அம்மாவின் குரல் அது. பிறகு அழுதார், அன்றிரவு சாப்பிட்டார். அடுத்த நாள் தகரம் தட்டப்படுமா என்று ஐயாவிடம் கேட்டுவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்.

இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்ட காலம் எடுத்தது. வித்தியானந்தனின் வாழ்க்கையைப் படித்தபோது அது எனக்கு ஓரளவு பிடிபட்டது.

தெல்லிப்பழையிலிருந்து பேராதனைக்கு

வித்தியானந்தன் 1924 மே 8ஆம் திகதி பிறந்தார். ஊர் தெல்லிப்பழை, வீமன்காமம். வலிகாமம் வடக்கு மக்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் வேறு நினைவுகள் வரும். 1990க்குப் பிறகு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பல ஆண்டுகள் சொந்தக்காரர்கள் மிதிக்க முடியாமல் கிடந்த மண் அது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இயங்கிய காலத்தில் அவர் அங்கே தமிழ் படித்தார். அங்கே தமிழ்த்துறையின் முதற் பேராசிரியராக இருந்தவர் விபுலானந்த அடிகள். அடிகள் 1947இல் மறைந்த பின்னர் அந்த இடத்துக்கு வந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. இந்த இருவரின் சாயலும் வித்தியானந்தனில் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த அடிகளிடம் இசையிலும் பழந்தமிழிலும் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே மேடையில் ஏற்றி நாடகம் எழுதியவர். வீட்டில் கதைக்கும் தமிழ் மேடைக்கு உதவாது என்று எண்ணப்பட்ட காலத்தில் அது பெரிய துணிச்சல். அந்த நாடகங்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிப் பழகியவர் வித்தியானந்தன்.

லண்டனுக்குப் போய் பத்துப்பாட்டைப் பற்றி ஆய்வு செய்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து 1954இல் ‘தமிழர் சால்பு’ என்ற நூலை வெளியிட்டார். சங்க காலத் தமிழர் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எப்படிக் கொண்டாடினார்கள் என்பதையெல்லாம் சொல்லும் நூல். அந்த வழியிலேயே போயிருந்தால், சங்க இலக்கியம் கற்பித்த மதிப்புக்குரிய ஒரு பேராசிரியராக அவர் ஓய்வு பெற்றிருப்பார். 1952இல் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அவரது வழி அங்கேதான் திரும்பியது.

1956: ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பேராதனையில் வித்தியானந்தனோடு பணியாற்றிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். நவீன சிங்கள அரங்கின் வரலாறு அந்த நாடகத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. அதன் வடிவம் எங்கிருந்து வந்தது? மேற்குக் கரையோரத்துச் சிங்களக் கத்தோலிக்கக் கிராமங்களில் ஆடப்பட்ட ‘நாடகம’ என்ற கூத்திலிருந்து வந்தது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. பெயரிலேயே அது தெரியும். சரச்சந்திர இதை மறைத்தவரல்லர். கிராமியக் கூத்துகளைத் தேடிப் பார்த்து ஆராய்ந்து எழுதியவர் அவர்.

இந்த முரணை நினைத்துப் பாருங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கருமங்களுக்கு உதவாது என்று சட்டம் சொன்ன அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை ஒன்று சிங்கள மக்களின் தேசிய அரங்காகக் கொண்டாடப்பட்டது. தாய் வீட்டில் என்ன நிலை? படித்த தமிழர் கூத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்கள். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் கூத்து ஒடுக்கப்பட்ட சாதியாரின் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அண்ணாவிமார் வயலும் கடலும் போக மிஞ்சிய நேரத்தில் ஏட்டுச் சுவடியைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அது போகுமா என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958இல் இனக்கலவரம். தமிழர்கள் வெட்டப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள், கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டுகளின் மேடைப் பேச்சுகளைப் படித்தால் வீரமும் சினமும் நிறைய உண்டு. வித்தியானந்தன் அப்போது எடுத்துக்கொண்ட வேலை மேடைக்கு ஏற்றதல்ல. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராகி, ஊர் ஊராகப் போனார்.

ஊருக்குப் போன பல்கலைக்கழகம்

போய் என்ன செய்தார்? கூத்தை இருந்து பார்த்தார். அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார், மேடையில் ஏற்றிக் கௌரவித்தார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகள் வைத்தார். அந்தப் போட்டி என்ற சின்ன ஏற்பாட்டைக் குறைத்து மதிக்கக்கூடாது. பாடசாலை மேடையில் கூத்து ஏறியதும், அதுவரை ‘உது எங்களுக்குச் சரிவராது’ என்றிருந்த வீடுகளின் பிள்ளைகளும் சலங்கை கட்டினார்கள். கூத்துத் தெரிந்த தகப்பன் பிள்ளையின் பாடசாலைக்கு ஆசிரியராகப் போனார்.

சுவடியிலும் கையெழுத்துப் பிரதியிலும் கிடந்தவற்றை அச்சேற்றுவது இன்னொரு வேலை. மட்டக்களப்பின் தென்மோடிக் கூத்தான ‘அலங்காரரூபன்’ 1962இல் வந்தது. மன்னார் கத்தோலிக்கக் கிராமங்களின் ‘மூவிராசாக்கள்’ 1966இலும் ‘ஞானசவுந்தரி’ 1967இலும் வந்தன. சைவக் குடும்பத்துப் பேராசிரியர் ஒருவர் கத்தோலிக்க மக்களின் கூத்தைப் பதிப்பித்தார். முஸ்லிம்களின் தமிழ் இலக்கியத்தைப் பற்றியும் எழுதினார். இன்று எங்களுக்குள்ளேயே எத்தனை வேலி போட்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் ‘தமிழர் கலை’ என்று சொன்னபோது எவ்வளவு அகலமான வட்டத்தைக் கீறினார் என்பது தெரியும்.

மட்டக்களப்புக் கிராமத்தில் கூத்து என்பது ஓர் இரவில் முடியும் நிகழ்ச்சியன்று. முதலில் ஆடுவோரைத் தேர்ந்து ‘சட்டம் கொடுத்தல்’, அதாவது அவரவர் பாடவேண்டிய பகுதியைக் கொடுப்பது. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். ‘சதங்கை அணிதல்’ ஊருக்கே விழா. ‘அடுக்குப் பார்த்தல்’ முழு ஒத்திகை. அரங்கேற்றத்தன்று வட்டக்களரியில் விடிய விடிய ஆட்டம். அதன்பின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். சண்டை பிடித்துக் கதைக்காமல் இருந்த குடும்பங்களும் உடுப்புத் தைக்கவும் பந்தம் பிடிக்கவும் சாப்பாடு போடவும் ஒன்று சேரவேண்டி வரும். உளசமூகப் பணி என்று இன்று நாங்கள் படிவம் நிரப்பிச் செய்கிற பல விடயங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் பெயரில்லாமல் இருந்தன.

1962: கர்ணன் போர்

1961இல் பேராதனைத் திறந்தவெளி அரங்கில் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ மேடையேறியது. அடுத்த ஆண்டு வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ என்ற வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். தொடர்ந்து 1963இல் ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, 1960களின் பிற்பகுதியில் ‘வாலிவதை’.

மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியது யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். ஆங்கிலம் ஆட்சி செய்த வளாகம் அது. மாணவர்கள் விரிவுரையாளர்களைக் கண்டால் எழுந்து நிற்கும் காலம். அங்கே ஒரு கிராமத்து அண்ணாவியார் மத்தளத்தோடு ஆசானாக நின்றார். பேராசிரியர் ஒதுங்கி நின்று, எது எங்கே வரவேண்டும் என்று நெறிப்படுத்தினார். விடிய விடிய நடக்கும் கூத்தைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியில் ஆடியதைப் படச்சட்ட மேடைக்கு ஏற்ப மாற்றினார். பாத்திரங்களின் உணர்ச்சிக்கு இடம் கொடுத்தார். தாளத்திலும் ஆட்டத்திலும் அண்ணாவியாரின் சொல்லே முடிவு.

அந்த மாணவர்களில் ஒருவர்தான் சி. மௌனகுரு. மட்டக்களப்பில் கூத்துச் சூழலில் வளர்ந்தவர். ஊரில் இருந்த கலையை மறந்துவிட்டுத்தான் பட்டதாரியாக வேண்டும் என்ற காலத்தில், அந்தக் கலையோடேயே அவரைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. இராவணேசனில் அவர் இராவணனாக ஆடினார்.

இராவணேசன் தமிழ் மக்களுக்கு எப்போதும் வெறும் புராணக் கதையாக இருந்ததில்லை. தம்பியும் மகனும் அடுத்தடுத்துக் களத்தில் விழ, அப்போதும் போரை விட முடியாத ஒருவனின் மனம் அதில் இருக்கிறது. 1960களில் அதைப் பார்த்தவர்கள் ஒரு வீழ்ந்த வீரனின் கதையாகப் பார்த்திருப்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் மௌனகுரு மட்டக்களப்பில் அதை மீண்டும் மேடையேற்றியபோது, பார்த்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளையைக் களத்துக்குக் கொடுத்தவர்கள்.

நொண்டி நாடகமும் அப்படித்தான். பழந்தமிழில் அந்த வகை நாடகங்களில், செய்த தவறால் காலை இழந்த ஒருவன் தன் கதையைத் தானே சொல்லி, மனம் வருந்தி, கடைசியில் கால் பெறுவான். கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது உறுத்துகிறது. எங்கள் ஆட்கள் எந்தத் தவறும் செய்து காலை இழக்கவில்லை. யாருக்கும் கால் மீண்டும் வளர்ந்ததும் இல்லை. ஆனாலும், கால் இழந்தவனே சபையின் நடுவில் நின்று தன் கதையைத் தன் வாயால் சொல்லும் அந்த ஏற்பாடு எங்களிடம் முன்பே இருந்தது என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

காயங்களின் நடுவே

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதைக் கொழும்பில் நடத்தவேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. யாழ்ப்பாணத்தில்தான் என்று உறுதியாக நின்று முன்னெடுத்தவர்களில் வித்தியானந்தன் தலையாயவர். கடைசி நாளான ஜனவரி 10ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்தருகே கூடியிருந்த மக்கள் மீது பொலிஸார் தாக்குதல் நடத்தினர். துப்பாக்கிச் சூட்டில் மின்கம்பி அறுந்து விழுந்தது. 9 உயிர்கள் போயின. ஆண்டுதோறும் நாங்கள் விளக்கேற்றும் நாள் அது. தமிழைக் கொண்டாடக் கூப்பிட்டவர், கூப்பிட்ட இடத்திலேயே பிணங்களைப் பார்த்தார்.

அவர் ஒதுங்கிப் போகவில்லை. 1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார். அடுத்து வந்த ஆண்டுகள் எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியவை அல்ல. 1981இல் நூலகம் எரிந்தது. 1983 மே மாதத்தில் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த பேராதனையிலேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலையில் நாடே எரிந்தது. கூத்தாட மாணவர்களைத் திரட்டிய அந்த மலையடிவாரத்தில் இருந்து தமிழ் மாணவர்கள் உயிர் தப்பி ஓடி வந்தார்கள். 1987 அக்டோபரில் இந்தியப் படையினர் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இறங்கினார்கள். இந்தக் காலம் முழுவதும், 1988 வரை, அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்திய பொறுப்பு அவருடையது. 1989 ஜனவரி 21ஆம் திகதி காலமானார். வயது 64.

அவர் துணைவேந்தராக இருந்த நாட்களில், 1985இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது. எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம், நெறியாள்கை க. சிதம்பரநாதன். அது வித்தியானந்தனின் நாடகமல்ல, வழியும் வேறு. ஆனால் படித்தவர்கள் ஊருக்குப் போய், ஊரின் தாளத்திலும் பாட்டிலும், ஊரின் துயரத்தை ஊரோடு சேர்ந்து சொல்லலாம் என்ற நம்பிக்கை முளைக்க நிலம் அவரது தலைமுறை உழுதது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க் காயத்தைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்காமல் சமூகத்தின் காயமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். காவடியும் நேர்த்தியும் ஒப்பாரியும் மக்களைத் தாங்கும் விதத்தை எழுதினார்கள். அரங்கக்காரர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ எங்கள் பாடசாலைகளில் ஒரு பாடம்.

ஈழத்துத் தமிழில் மேடை அளிக்கையை ‘ஆற்றுகை’ என்கிறோம். துயரப்பட்டவரோடு இருந்து தேற்றுவதை ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறோம். இரண்டு சொல்லும் அருகருகே இருப்பதைப் பட்டறையில் அந்த அக்காதான் சுட்டிக்காட்டினார்.

விடுபட்டவை

அவரைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. அவர் செய்ததற்கு நியாயமான விமர்சனங்கள் உண்டு. விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரமாக்கியபோது ஊர் மக்கள் பார்வையாளராகிவிட்டார்கள், வட்டக்களரியின் நெருக்கம் போய்விட்டது, ‘செம்மைப்படுத்துதல்’ என்ற சொல்லிலேயே கிராமத்துக் கலை செம்மையற்றது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது என்கிறார்கள். மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் கூத்தை ஊருக்குள்ளேயே, ஊர் மக்களே கூடிக் கதைத்து மாற்றும் ‘மீளுருவாக்கம்’ என்ற வேறு வழியில் போனார்கள். அந்த விவாதம் எங்களுக்கு நல்லது.

அந்தப் படியில் இருந்தபோது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலை. அதில் தேயிலைத் தோட்டங்கள், லயன்கள். அந்த மக்களிடம் காமன் கூத்து உண்டு, அருச்சுனன் தபசு உண்டு, பொன்னர் சங்கர் உண்டு. நான்கு பெரிய தயாரிப்புகளுக்கும் கூத்து கிழக்கிலிருந்து வந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த மலையகத்தின் கூத்து அந்த வரிசையில் இல்லை. குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாக அந்த மக்கள் இருந்த ஆண்டுகள் அவை. எங்கள் வட்டம் எவ்வளவு அகலமானாலும் யாரோ வெளியில் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவேதான் பட்டறையின் கடைசி நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மூன்று நாட்கள் வடமோடி ஆட்டம் பழகிய பிறகு, மட்டக்களப்பு அக்கா ஓரமாகப் போய் உட்கார்ந்தார். தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் குடும்பத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியையை நடுவில் நிற்கச் சொன்னார். அவர் முதலில் வெட்கப்பட்டார். எங்கள் கூத்தெல்லாம் இங்கே எதற்கு என்று கேட்டார். பிறகு, அவரது தாத்தா தப்படித்த விதத்தை மேசையில் தட்டிக் காட்டினார். அந்த அடவை எல்லோரும் அவரிடம் பழகினார்கள். மட்டக்களப்பு அக்காவும் பழகினார். 1962இல் வந்தாறுமூலையிலிருந்து வந்த அண்ணாவியார் நின்ற இடத்தில் இப்போது தோட்டத்து ஆசிரியை நின்றார்.

முகாமில் பென்சில் கொண்டு வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்களிடம் காயம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போனார்கள். தகரம் தட்டிய ஐயா, அம்மாவிடம் ஒரு பாட்டும் இருக்கிறது என்பதற்கு இடம் விட்டார். வித்தியானந்தன் ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லைத் தன் வேலைக்குப் பாவித்தவர் அல்லர். தோற்றும் வெட்கியும் நின்ற ஒரு மக்களிடம் போய், உங்களிடம் இருப்பதை எங்களுக்குக் கற்பியுங்கள் என்று கேட்டார். அதைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் கேட்டார். இன்று போர் ஊர்களுக்கு உதவிக்குப் போகும் எங்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்கிறோம்? நானும்கூட முதல் கேள்வியாக என்ன இழந்தீர்கள் என்றுதான் எத்தனையோ தாய்மாரிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியிருக்கிறேன்.

தூறல் நின்றது. மேலே குறிஞ்சிக் குமரன் கோயில் மணி கேட்டது. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோவலன் கூத்தில் அன்று முகாமில் ஐயா மறந்த அடி எது என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளாக அதை நான் கேட்டதில்லை. ஏன் இப்போது என்று கேட்டார். கண்டியில் இருக்கிறேன், எழுதவேண்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தொலைபேசியில் சொன்னால் உனக்கு ராகம் பிடிபடாது, வீட்டுக்கு வா, சொல்லித்தருகிறேன் என்றார்.